வண்டிக்கடியில் திரும்பத் திரும்ப ஈரம்: கசிவை எந்த வழியில் தேடுவது?

போன மாதம் பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு நண்பர் கூப்பிட்டார். டீசல் வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து கேம்பர் வேனாக மாற்றி ஒன்றரை வருடம் ஆகிறது. எஞ்சினுக்குக் கீழே ஈரம் தட்டுவது இது மூன்றாவது முறை. இரண்டு தடவை சரி செய்து காசும் கொடுத்தாயிற்று. இப்போது டை (டார்ச் அடித்தால் ஒளிரும் சாயம்) ஊற்றிப் பார்ப்பதா, சர்வீஸ் சென்டரில் விடுவதா, இல்லை பேசாமல் கசிவை அடைக்கும் ஸ்டாப் லீக் ஒரு டப்பா வாங்கி ஊற்றிவிடுவதா என்று கேட்டார். அதற்கு முந்தின வாரம்தான் அல்சூரில் இருக்கிற இன்னொருவர் கிட்டத்தட்ட இதையே கேட்டிருந்தார். இரண்டு பேரிடமும் ஃபோனில் அரைமணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. எங்கள் வண்டியில் எஞ்சினைக் குளிரவைக்கும் கூலண்ட் ஏழு மாதம் குறைந்துகொண்டே இருந்தது. ஏலகிரி போய் வந்தால் அரை லிட்டர், ஓசூர் வரை போய் வந்தால் கொஞ்சம். ஓஸ் பைப் மாற்றினோம், வாட்டர் பம்ப் மாற்றினோம், ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்துத் திருப்பி வாங்கினோம். கடைசியில் கோளாறு இருந்த இடம் இதில் எதுவுமே இல்லை. அது எங்கே இருந்தது என்று பிறகு சொல்கிறேன். தப்பான வழியில் தேடியதால்தான் ஏழு மாதம் போனது, வழியைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகு ஒரே ராத்திரியில் பிடிபட்டது. அதனால் பழுது பார்ப்பதைப் பற்றி இங்கே அதிகம் பேசவில்லை, தேடுவதைப் பற்றித்தான்.

## முதலில் எதை வைத்து முடிவெடுப்பது

சொட்டுவது என்ன? இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. இதற்குப் பதில் தெரியாமல் கடைக்குப் போகவே கூடாது. வெள்ளை அட்டை ஒன்றைக் கீழே போட்டு ஒரு சொட்டைப் பிடித்துப் பாருங்கள். நிறமும் வாடையும் இல்லாத தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வடிவது, அல்லது உங்கள் சமையல், குளியல் டேங்க். பச்சை, ரோஸ், நீலம், ஆரஞ்சு இவற்றில் ஒன்றாக, விரலில் வழவழவென்று, கொஞ்சம் தித்திப்பான வாடையோடு இருந்தால் கூலண்ட். கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில், ஏனென்றால் டீசல் எஞ்சினில் ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். கெட்டியாக, மூக்கைச் சுளிக்க வைக்கும் கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில் அல்லது பின் ஆக்சிலின் நடுவே கிரவுனில் இருக்கும் ஆயில். மெல்லிசாக, சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங். புகையைச் சுத்தப்படுத்த டெஃப் என்ற திரவம் ஊற்றுகிற பிஎஸ்6 வண்டியில் கசிந்த இடம் காய்ந்து வெள்ளை உப்பு பூத்தது போல இருந்தால் அது டெஃப்தான், அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக யூரியா இருக்கிறது, தண்ணீர் ஆவியானதும் யூரியா படிந்துவிடுகிறது.

மெல்லிசாக, வெளிர் மஞ்சளாக, சக்கரத்தின் உள்பக்கமோ பிரேக் பெடலுக்கு நேர் கீழேயோ ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்போது ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை அங்கேயே வரச்சொல்லுங்கள். டீசல் கசிந்து சைலன்சர் பைப் பக்கம் வழிந்தாலும் அப்படித்தான்.

எப்போது சொட்டுகிறது? ஓடும்போதா, சூடாக நிறுத்திய உடனேயா, ராத்திரி முழுக்க ஆறிய பிறகா? சில்க் போர்டு சிக்னலில் அரைமணி நேரம் நகராமல் நின்றுவிட்டு வந்தால் மட்டும் சொட்டுகிறது, ஹைவேயில் சும்மா பறந்து வந்தால் சொட்டுவதில்லை என்றால் அதுவே பெரிய தகவல்.

கையோ கண்ணோ எட்டுமா? சாதாரண வேனுக்கும் வீடாக மாற்றிய வேனுக்கும் இருக்கிற வித்தியாசமே இதுதான். நாம் பிளைவுட் போட்டு, இன்சுலேஷன் ஒட்டி, மேலே கட்டில் அடித்து வைத்திருக்கிறோம். குழாய் எல்லாம் அதற்கடியில் ஓடுகிறது. மெக்கானிக்குக் கட்டிலுக்கு அடியில் ஒரு கூலண்ட் குழாய் இருப்பதே தெரியாது, நாம் சொன்னால்தான் உண்டு.

எத்தனை நாள் வண்டி இல்லாமல் இருக்க முடியும்? வார இறுதிக்கு மட்டும் எடுக்கிறவருக்கும் வண்டியிலேயே தங்கி வேலை பார்க்கிறவருக்கும் பதில் வேறு.

கண்டுபிடிக்கும் வரை ஓட்டினால் என்ன ஆகும்? எஞ்சின் ஆயில் வாரத்துக்கு நாலு சொட்டு என்றால் அளவுகோலைப் பார்த்துப் பார்த்து ஓட்டலாம். கூலண்ட் அப்படி இல்லை. தொப்பூர் கணவாயிலோ ஏற்காடு ஏற்றத்திலோ கூலண்ட் இல்லாமல் சூடேறினால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளைந்துவிடும், அப்புறம் செலவு வேறு கணக்கு.

இந்த ஐந்தையும் வைத்துத்தான் கீழே உள்ள ஆறு வழிகளையும் எடை போடுகிறேன்.

| வழி | எதற்கு நன்றாக வேலை செய்யும் | செலவு | சொல்லப்படாத செலவு |
|---|---|---|---|
| துடைத்து, அட்டை விரித்தல் | எல்லாத் திரவத்துக்கும், முதல் படியாக | ஏறக்குறைய இல்லை | ஒன்றிரண்டு வாரம் பொறுமை |
| யூவி டை | எஞ்சின் ஆயில், பவர் ஸ்டீயரிங் | குறைவு | சரியாகத் துடைக்காவிட்டால் தப்பான தடம் |
| பிரஷர் டெஸ்ட் | கூலண்ட் | குறைவு | வண்டியை ஒரு ராத்திரி விட வேண்டியிருக்கும் |
| பாகம் மாற்றிப் பார்ப்பது | கண்ணால் பார்த்து உறுதியான கசிவு | நடுத்தரம், ஆனால் கூடிக்கொண்டே போகும் | மாற்றத் தேவையில்லாத பாகங்கள் |
| கம்பெனி சர்வீஸ் சென்டர் | வாரண்டி, எஞ்சின் திறக்கும் வேலை | அதிகம் | நாட்கள், மாற்றியமைத்த பகுதியைத் தொட மறுப்பது |
| ஸ்டாப் லீக், மஞ்சள் தூள் | வழியில் மாட்டிக்கொண்டால் | மிகக் குறைவு | அடைப்பு, பிறகு வரும் சூடு |

## துடைத்துவிட்டு அட்டை விரித்துக் காத்திருப்பது

இது வேலையே இல்லாத வேலை போலத் தெரியும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்து விட்டுவிட்டேன், அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, டிகிரீசரும் பிரஷும் பனியன் வேஸ்ட்டும் வைத்துக்கொண்டு, சந்தேகப்படுகிற பக்கம் முழுவதையும் சுத்தமாகத் துடைக்க வேண்டும். வாட்டர் சர்வீஸில் விட்டு வேகமான தண்ணீர் அடிக்க விடாதீர்கள், ஆல்டர்னேட்டருக்கும் ஒயர் கனெக்டருக்கும் அது ஆகாது, அதோடு நாம் கூடுதலாகப் போட்டிருக்கிற பேட்டரி ஒயரிங் வேறு அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். டீசலில் முக்கித் துடைக்கிற பழக்கமும் நிறைய ஷெட்டில் உண்டு, அது ரப்பரை உப்ப வைக்கும், நாள் முழுக்க டீசல் வாடை வேறு, அந்த வண்டிக்குள்தானே நாம் தூங்க வேண்டும்.

துடைத்துக் காய்ந்த பிறகு, கை எட்டுகிற இடங்களில் முகத்துக்குப் போடுகிற பவுடரை லேசாகத் தூவி விடுங்கள். கசிவு எங்கே தொடங்கினாலும் அந்த வெள்ளையில் கோடு விழும். வண்டியைச் சமதளமாகப் பார்த்து நிறுத்தி, பெரிய அட்டையைக் கீழே விரித்து, அதில் முன் சக்கரம் இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதுங்கள். கூலண்ட் ஊற்றுகிற எக்ஸ்பான்ஷன் டேங்கில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்ட் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று ஒரு கோடு. இதை மூன்று நான்கு தடவை செய்தாலே எப்போது, எவ்வளவு, எங்கே என்பது தெளிவாகிவிடும்.

சொட்டு விழுகிற இடம் கசிகிற இடம் இல்லை என்பதை மறக்காதீர்கள். ஓடும்போது காற்று எல்லாவற்றையும் பின்னால் தள்ளும். நின்றால் சேசிஸ் வழியாக வழிந்து தாழ்வான இடத்தில் சொட்டும். அதனால் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்க்கும்போது, ஈரமாக இருக்கிறதிலேயே மேலேயும் முன்னாலேயும் இருக்கிற இடம் எது என்று தேடுங்கள். தலை நுழையாத இடத்தில் செல்ஃபி ஸ்டிக்கில் ஃபோனை மாட்டி வீடியோ எடுக்கலாம். வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழையாதீர்கள், ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான்.

சொட்டுவது தண்ணீர்தான், ஆனால் ஏசியா டேங்கா என்று தெரியவில்லை என்றால் ஒரு சுலபமான வழி: பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் டேங்கில் கொஞ்சம் கேசரிப் பவுடர் கலந்துவிடுங்கள். அட்டையில் ஆரஞ்சு நிறம் விழுந்தால் கேள்வி முடிந்தது. குடிக்கிற தண்ணீர் டேங்கில் கலக்க வேண்டாம், அங்கே ராத்திரி பம்ப்பை அணைத்துவிட்டு மட்டம் குறைகிறதா என்று பார்த்தால் போதும்.

இதில் சொல்லப்படாத செலவு நாட்கள்தான். பெங்களூருவில் ஜூன் தொடங்கி அக்டோபர், சில வருடம் நவம்பர் வரை மழை, ரோட்டில் நிறுத்துகிறவருக்கு அட்டை நனைந்து கூழாகிவிடும். கேம்பர் வேன் உயரத்துக்கு அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டும் சரிப்படாது. தெரிந்தவர் யாரிடமாவது கூரை போட்ட ஷெட் இருந்தால் ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, கீழே சொட்டாமல் உள்ளேயே போய்விடுகிற கசிவு இதில் தெரியவே தெரியாது.

கசிவு மெதுவாக இருக்கிறது, வண்டி அவசரமாகத் தேவையில்லை, எந்தத் திரவம் என்றே சந்தேகம் என்றால் இதுதான் உங்களுக்கு. மற்ற எந்த வழியில் போனாலும் இதில் இரண்டு நாளாவது செலவழித்துவிட்டுப் போங்கள், மெக்கானிக்கிடம் அந்த அட்டையை எடுத்துக் காட்டினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

## யூவி டை ஊற்றி டார்ச் அடிப்பது

எஸ்.பி. ரோட்டில் யூவி டார்ச் கிடைக்கும், டை ஜே.சி. ரோடு ஸ்பேர்ஸ் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் ஆன்லைன். எனக்கு எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

ஆயிலுக்கான டை வேறு, கூலண்டுக்கான டை வேறு, மாற்றி ஊற்றக் கூடாது. ஆயிலில் ஊற்றினால் ஐம்பது நூறு கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டிவிட்டு, இருட்டிய பிறகு மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கசிந்த தடம் பளிச்சென்று மஞ்சள் பச்சையாக ஒளிரும். எஞ்சினின் மேல் மூடியான ராக்கர் கவர் பேக்கிங்கிலிருந்து வழிந்து எஞ்சின் பின்பக்கம் இறங்கிய ஆயிலைப் பார்த்து, "பின் சீல் போயிடுச்சு சார், கியர்பாக்ஸ் இறக்கணும்" என்று சொல்வது அடிக்கடி நடக்கிறது. கியர்பாக்ஸ் இறக்குவதற்கும் மேலே ஒரு பேக்கிங் மாற்றுவதற்கும் கூலியில் எவ்வளவு வித்தியாசம் என்று எல்லோருக்கும் தெரியும். டை அந்த இடத்தில்தான் தன் விலையைப் பல மடங்கு திருப்பித் தருகிறது.

பச்சை நிறக் கூலண்டுகளில் பலவற்றில் ஏற்கெனவே ஒளிரும் சாயம் இருக்கிறது. அதனால் கூலண்ட் சந்தேகம் என்றால் டை ஊற்றும் முன் வெறும் டார்ச்சை அடித்துப் பாருங்கள்.

டை ஊற்றும்போது கை தவறி வெளியே ஒரு சொட்டு விழுந்தாலும் அதுவும் ஒளிரும், பழைய அழுக்கோடு கலந்து எல்லாப் பக்கமும் ஒளிர்ந்தால் ஒன்றும் புரியாது. அதனால் முதலில் சொன்ன துடைக்கிற வேலை இதற்கும் உண்டு. டார்ச் வெளிச்சம் போகாத இடத்தில் கசிவு இருந்தால் டையும் கைவிட்டுவிடும். எங்கள் வண்டியில் நடந்தது அதுதான். எஞ்சின் முழுக்கத் தேடினேன், ஒரு இடமும் ஒளிரவில்லை, கியர்பாக்ஸ் பக்கத்தில் சேசிஸில் மட்டும் மெல்லிய கோடு. அந்தக் கோட்டைப் பின்னோக்கித் தொடர்ந்து போயிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும், நான் அதை முன்னால் இருந்து வழிந்தது என்று நினைத்துவிட்டேன்.

ஆயில் கசிவு, இரண்டு மூன்று இடத்தில் சந்தேகம், கூலி அதிகமான வேலை ஒன்றை மெக்கானிக் சொல்கிறார் என்றால் டையைத் தேர்ந்தெடுங்கள்.

## கூலண்ட் பிரஷர் டெஸ்ட்

கூலண்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ரேடியேட்டர் அல்லது எக்ஸ்பான்ஷன் டேங்க் மூடியைக் கழற்றிவிட்டு (எஞ்சின் ஆறிய பிறகு மட்டும், சூட்டில் திறந்தால் கொதிக்கிற கூலண்ட் முகத்தில் அடிக்கும்) அந்த இடத்தில் கைப் பம்ப்பும் முள் மீட்டரும் உள்ள கருவியை மாட்டுவார்கள். மூடியின் மேலேயே 0.9, 1.1 என்று பார் கணக்கில் அச்சடித்திருக்கும், அந்த அளவுக்குக் காற்று ஏற்றிவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முள் நின்றால் அந்த நேரத்துக்குக் கசிவு இல்லை. முள் இறங்கினால் எங்கேயோ போகிறது, எஞ்சின் ஓடாததால் ஃபேனும் இல்லை, சூடும் இல்லை, நிதானமாகத் தேடலாம்.

முள் இறங்குகிறது, வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் கசிவு உள்ளே. ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் பேக்கிங்), ஈஜிஆர் கூலர் (எஞ்சினுக்குத் திரும்பப் போகும் புகையைக் குளிரவைப்பது), டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் இந்த மூன்றில் ஒன்றைச் சந்தேகப்படலாம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை, ஆயில் மூடியைத் திறந்தால் பால் காப்பி நிறத்தில் நுரை, எக்ஸ்பான்ஷன் டேங்கில் விடாமல் குமிழி இவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹெட் கேஸ்கெட்டா என்று உறுதிப்படுத்த இன்னொரு டெஸ்ட் இருக்கிறது, ரேடியேட்டர் வாயில் வரும் ஆவியை ஒரு நீலத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள், எஞ்சின் புகை கலந்திருந்தால் அதன் நிறம் மாறும்.

கருவி இருக்கும்போதே மூடியையும் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் கூலண்ட் சீக்கிரம் கொதித்து வெளியேறும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே வெறும் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், கூலண்ட் ஊற்றாமல் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டுகிறவர்களுக்கு மூடியும் சரியில்லை என்றால் டிராஃபிக்கில் பொங்குவது இதனால்தான். அதே போர்வெல் தண்ணீர் கசிகிற இடத்தில் வெள்ளையாக உப்பு படிய வைக்கும், தேடுகிறவருக்கு அது ஒரு அடையாளம், ரேடியேட்டருக்கு அது அடைப்பு.

எங்கள் கதைக்கு வருகிறேன். காளாசிபாளையம் பக்கம் ரேடியேட்டர் வேலை செய்கிற பெரியவர் ஒருவரிடம் போனோம். அவர் ரேடியேட்டரைக் கழற்றவே இல்லை. "தம்பி, எல்லாரும் சூட்டுல பாத்திருக்காங்க, ஆற விட்டுப் பாக்கலாம்" என்றார். சாயங்காலம் அழுத்தம் ஏற்றினார், ஒரு மணி நேரம் முள் அசையவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வரச்சொன்னார். காலை ஆறரைக்குப் போனபோது முள் பாதிக்கு இறங்கியிருந்தது, கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் ஈரம். "பின்னாடி எங்கயாவது லைன் போகுதா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குளிக்கிற தண்ணீரைச் சூடாக்க எஞ்சின் கூலண்டையே ஒரு டேங்குக்குச் சுற்றவிட்டிருந்தோம், அந்தக் குழாயின் ஒரு இணைப்பு கட்டிலுக்கு அடியில், பிளைவுட்டுக்குக் கீழே. சூடாக இருக்கும்போது ரப்பரும் பைப்பும் விரிந்து கிளாம்ப் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது, ராத்திரி குளிரில் எல்லாம் சுருங்கியதும் மெல்லக் கசிகிறது. அங்கிருந்து சேசிஸ் மேலேயே வழிந்து வந்து தாழ்வான இடமான கியர்பாக்ஸ் பக்கத்தில் சொட்டியிருக்கிறது. வண்டி எங்கள் வீட்டு முன்னால் சரிவில் முன்பக்கம் இறங்கி நிற்கும், அதனால்தான் பின்னால் இருந்து முன்னால் வந்திருக்கிறது. ஸ்குரூ கிளாம்ப்பை எடுத்துவிட்டு ஸ்பிரிங் கிளாம்ப் போட்டோம். அது ரப்பர் சுருங்கினாலும் கூடவே இறுக்கும். கூலியும் சேர்த்து அறுநூறு ரூபாய் ஆனது, அதற்கு முன் நான் செலவழித்தது இருபதாயிரத்தைத் தாண்டும்.

ஆறிய நிலையில் மட்டும் கசிவது போலவே சூட்டில் மட்டும் கசிவதும் உண்டு. அலுமினியம் கோரும் பிளாஸ்டிக் டேங்கும் மடித்துப் பிடித்த ரேடியேட்டர்களில் அந்த மடிப்பு சூட்டில்தான் விலகும். அதனால் டெஸ்ட்டை முடிந்தால் இரண்டு நிலையிலும் செய்யச் சொல்லுங்கள், பத்து நிமிடம் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்ல" என்று அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

## தெரிந்த மெக்கானிக்கிடம் பாகம் மாற்றிப் பார்ப்பது

கண்ணுக்கு எதிரே ஓஸ் வெடித்து ஒழுகுகிறது என்றால் மாற்றுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையிலிருந்து கூலண்ட் வடிந்தால் உள் சீல் போயிருக்கிறது, பம்ப் மாற்றத்தான் வேண்டும். நல்ல மெக்கானிக்கின் அனுபவம் கருவியைவிட வேகமானது, எனக்கு அதில் மரியாதை உண்டு.

ஆனால் ஒரே இடத்தில் இரண்டாவது முறையாகக் கசிந்தால், மாற்றிய பாகம் காரணம் இல்லை, பாகத்தைப் பழுதாக்குகிற ஒன்று பின்னால் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிலில் இதற்குப் பெரிய உதாரணம் பிரீதர். எஞ்சினுக்குள் உருவாகும் காற்று வெளியே போக ஒரு குழாய் இருக்கிறது. அது பிசுபிசுத்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, சீல் எங்கே வீக்காக இருக்கிறதோ அங்கே ஆயிலைத் தள்ளும். புது சீல் போட்டாலும் சில மாதத்தில் திரும்ப ஈரம். பின் ஆக்சில் சீல் அடிக்கடி போகிறது என்றால் கிரவுன் ஹவுசிங் மேலே இருக்கிற குட்டி பிரீதரைப் பாருங்கள், சேற்றில் அடைத்திருக்கும். கூலண்டில் ஓஸ் மாற்றி மாற்றி வெடித்தால் மூடியும் ஹெட் கேஸ்கெட்டும். ஆயில் மாற்றிய ஒவ்வொரு தடவையும் ஆயில் வடிக்கிற சம்ப் போல்ட்டில் கசிந்தால் அந்தச் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுகிறார்களா என்று நின்று பாருங்கள். பேக்கிங்குக்குப் பதில் அனபாண்ட் பசையை அள்ளி அப்புகிற வேலையையும் விடாதீர்கள், உள்ளே பிதுங்கிய துண்டு ஆயில் வழியில் போய் அடைக்கும்.

இந்த வழியின் மறைவான செலவு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவது. மூவாயிரம், நாலாயிரம் என்று கொடுக்கும்போது வலி தெரியாது. மாற்றும் முன் "அண்ணா, எங்கிருந்து வருதுன்னு ஒரு தடவை கண்ணால காட்டிடுங்க" என்று கேளுங்கள். காட்ட முடிந்தால் தாராளமாக மாற்றலாம்.

## கம்பெனி சர்வீஸ் சென்டர்

வாரண்டி இருக்கிற வண்டி என்றால் வேறு எங்கும் போகும் முன் இங்கே போய்விடுங்கள், வெளியே சீல் திறந்தால் பிறகு பேச முடியாது. ஹெட் இறக்குவது, ஈஜிஆர் கூலர், டர்போ ஆயில் பைப் மாதிரி வேலைகளுக்கு அவர்களிடம் சரியான டூலும் ஸ்கேனரும் அளவுகளும் இருக்கும். அந்த விஷயத்தில் நம்பலாம்.

சிக்கல் நம் வண்டி வீடாக மாறியிருப்பதில்தான். கூலண்ட் லைனை நாம் வெட்டி இணைத்திருந்தால் கூலிங் சிஸ்டம் வாரண்டிக்கு வராது என்று சொல்வார்கள், சொன்னால் அதில் நியாயமும் உண்டு. உள்ளே எடை ஏறியிருப்பதால் லிஃப்டில் ஏற்றத் தயங்குவார்கள், மேலே சோலார் பேனலும் ஏசியும் இருந்தால் ஷெட்டின் உயரம் பற்றாது. போகும் முன் ஃபோனில் எடையையும் உயரத்தையும் சொல்லி, வண்டிக்கடியில் இறங்கி வேலை பார்க்கிற பிட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிலைக் கழற்றுவது அவர்கள் வேலை இல்லை, அதை நீங்களே முந்தின நாள் கழற்றி, நீங்கள் போட்ட குழாய்கள் எந்த வழியாக ஓடுகின்றன என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தால் பாதி நேரம் மிச்சம். வண்டியிலேயே குடியிருக்கிறவர் அந்த நாட்களுக்கு வெளியே அறை எடுக்கிற செலவையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

## ஸ்டாப் லீக், மஞ்சள் தூள்

லாரிக்காரர்கள் வழியில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவது நம் ஊரில் பழைய பழக்கம். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுக்கு நடுவே, பிள்ளைகளும் வண்டியில் இருக்க, கூலண்ட் ஒழுகினால் நானும் போடுவேன், அடுத்த ஊர் வரை போய்ச் சேரத்தான் அது. ஆனால் அந்தத் தூள் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை. ஹீட்டர் கோர், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள், நம் தண்ணீர் சூடாக்கும் டேங்கின் சுருள் என்று எல்லாவற்றிலும் படியும். கடையில் விற்கும் ஸ்டாப் லீக்கும் பெரும்பாலும் இதே வேலைதான் செய்கிறது. கசிவு நின்றது போல இருக்கும், பிறகு டிராஃபிக்கில் வெப்பம் ஏறத் தொடங்கும். ஊருக்கு வந்ததும் முழுக்க ஃபிளஷ் செய்து புது கூலண்ட் ஊற்றும் செலவையும் இதன் விலையில் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் கசிவுக்கு இது கூடவே கூடாது, இருக்கிற அடையாளத்தையும் அழித்துவிடும்.

## அந்த இரண்டு பேருக்கும் சொன்னது

ராமமூர்த்தி நகர் நண்பருக்குச் சொட்டியது கறுப்பு ஆயில், பின் சீல் இரண்டு முறை மாற்றியிருக்கிறார். சர்வீஸ் சென்டரும் வேண்டாம், மூன்றாவது சீலும் வேண்டாம், முதலில் பிரீதர் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், ஒரு நாள் முழுக்கத் துடையுங்கள், அப்புறம் டை ஊற்றி நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ராக்கர் கவரில் இருந்து கீழ் நோக்கிப் பாருங்கள் என்றேன். வண்டி அதுவரை ஓடலாம், வாரம் இரண்டு தடவை ஆயில் அளவு பார்த்தால் போதும்.

அல்சூர்க்காரருக்கு வேறு பதில். அவருக்குத் தரையில் ஈரமே இல்லை, கூலண்ட் மட்டும் மாதம் ஒரு லிட்டர் குறைகிறது. அட்டையும் டையும் அவருக்கு நேர விரயம். நேராகப் பிரஷர் டெஸ்ட், கூடவே அந்த நீலத் திரவ டெஸ்ட், இரண்டும் முடியும் வரை மலை ஏற வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் குடும்பத்தோடு ஏற்காடு போக இருந்தார், தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்சினேன், ஒத்துக்கொண்டார்.

இரண்டு பேரிடமும் இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன், உங்களிடமும் கேட்கிறேன். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும், நம் தெரு நாய்கள் நக்கிக் குடித்துவிடும், கொஞ்சம் போனாலும் சிறுநீரகத்தைக் கொன்றுவிடும். தேடுகிற நாட்களில் சொட்டுக்குக் கீழே அட்டையை மட்டும் வைக்காமல், ராத்திரி ஒரு தட்டையான டப்பாவையும் வைத்து மேலே வலை மாதிரி ஏதாவது மூடுங்கள், காலையில் எழுந்ததும் தரையை நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.